நீல நூல் சாப்பாட்டுக்கு, சிவப்பு நூல் தரைக்கு

1

போடியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அதன்மேல் என் பெயர் இல்லை. என் மகள் கயல்விழியின் பெயர் இருந்தது. அனுப்பியவள் என் தம்பி பாண்டியின் மனைவி செல்வி. நான் பிறந்த வீட்டிலிருந்து, நான் குடியிருக்கும் வீட்டுக்கு, என்னைத் தாண்டிக்கொண்டு ஒரு பார்சல் வந்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே வெளிநாட்டுப் பார்சல் சில சமயம் வீட்டுக்கு வராது, கடிதம்தான் வரும். சுங்க அலுவலகத்துக்கு நேரில் போய், அதிகாரியின் கண் முன்னாலேயே கட்டைப் பிரித்துக் காட்டவேண்டும். கயலுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் பரீட்சை. என் சார்பில் அம்மா வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பிரிச்சதும் கலைச்சிராதம்மா, அத்தை ஒரு வரிசையில அடுக்கியிருப்பாங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனாள். வீட்டு அலமாரியில் தன் சட்டையை ஒருநாளாவது வரிசையில் அடுக்கியவளா அவள்? கேட்கவில்லை, விழுங்கிக்கொண்டேன்.

சுங்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கத்தியால் ஒட்டுத்தாளைக் கீறினார். ஏலக்காய் வாசம் அந்த அறை முழுக்க எழும்பியது. உள்ளே முழுக்கத் துணி. கையகலத் துண்டுகள், முழ அகலத் துண்டுகள், எல்லாம் பழைய வேட்டியிலும் பருத்திச் சேலையிலும் வெட்டி ஓரம் அடித்தவை. புதிதா பழையதா என்று கேட்டார். இந்த மொழியோடு பத்தொன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஆனால் அரசாங்க மேசைக்கு முன்னால் நின்றால் மட்டும் அது என்னை விட்டு ஓடிவிடும். பழையதுதான், ஆனால் புதிது என்றேன். விற்பனைக்கா என்றார். இல்லை, துடைக்க என்றேன். எதைத் துடைக்க?

வேறு வழியில்லாமல் விளக்கினேன். ஓரத்தில் நீல நூல் ஓடியிருந்தால் சாப்பாட்டு மேசைக்கும் கைக்கும். பச்சை நூல் முகத்துக்கும் மூக்குக்கும். சிவப்பு நூல் தரைக்கு. காகிதச் சுருளும் காகிதக் கைக்குட்டையும் வாங்குவதற்குப் பதிலாக இவற்றைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவோம். அந்த அம்மாள் ஒன்றை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இதை யோசித்தவர் கெட்டிக்காரர், செய்தவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் என்றார்.

சொல்லவில்லை. இன்றுவரை செல்வியிடம் அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் இந்தத் துணித் தையலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

2

கொரோனா காலத்தில் இங்கே கடைகளில் முதலில் காணாமல் போனது அரிசியோ மருந்தோ அல்ல, காகிதம். கழிப்பறைச் சுருள், அடுப்படிச் சுருள், மூக்குத் துடைக்கும் தாள் எல்லாம் தீர்ந்து, அலமாரிகள் காலியாகிக் கிடந்தன. பெரிய பெரிய காரில் வந்த கனவான்கள் கடைசிக் கட்டுக்காக முறைத்துக்கொண்டு நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நம் வீட்டில் ஒரு விஷயத்துக்குக் கவலையில்லை, குளியலறையில் செம்பு இருந்தது. ஆனால் அடுப்படிச் சுருளுக்கு நாங்களும் அடிமைதான். பால் பொங்கினால் காகிதம், எண்ணெய் சிந்தினால் காகிதம், கயல் தட்டைக் கவிழ்த்தால் காகிதம் என்று பழகிவிட்டிருந்தோம்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் போடிக்குப் பக்கத்துப் பொட்டிபுரம். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் வேட்டி வாங்கி வந்து கட்டாமல் பெட்டியில் வைத்திருப்பார். கட்டிக் கட்டி நைந்த இரண்டை மட்டும் எடுத்தேன். இரண்டு மடிப்பாக வெட்டி, மூன்று பக்கம் தைத்து, உள்புறத்தை வெளியே திருப்பி, வாயை மூடிச் சுற்றிலும் ஒரு தையல் போட்டேன். நைந்த வேட்டி மாதிரித் தண்ணீர் குடிக்கிற துணி உலகத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் மதில் மேலாகப் பார்த்துவிட்டு எனக்கும் கிடைக்குமா என்றார். அவருக்குக் கொடுத்ததைப் பார்த்து மாடி வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு பருவம் முழுவதும் எங்கள் தெருவில் நான் பெரிய மனுஷி. இத்தனை வருடத்தில் அந்தத் தெரு என்னைத் தேடி வந்தது அப்போது மட்டும்தான்.

கயலுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அப்போது அவள் சின்னப் பெண். தோழிகள் வந்தால் மேசை மேலிருந்த என் துணிக்கூடையைக் கொண்டுபோய்க் குளியலறையில் ஒளித்து வைப்பாள். தன் கைக்காசில் காகிதச் சுருள் வாங்கி வந்து அதே இடத்தில் நிறுத்துவாள். நான் என்ன நினைத்தேன்? இங்கே பிறந்த பிள்ளை, நம் வீட்டு வழக்கம் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது, வேறென்ன. எங்கள் வட்டத்தில் எல்லா அம்மாக்களும் இதையேதான் சொல்லிப் புலம்புவோம். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து புலம்பும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் எனக்கு நிரந்தர இடம்.

தமிழ்ப் பள்ளிக்கு அவள் போனாள், படித்தாள். யாராவது பெயரைக் கேட்டால் "என் பெயர் கயல்விழி ஆகும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வாக்கியம் கேட்டால் ஜெர்மன் வந்துவிடும். கொஞ்ச நாளில் வீட்டில் என்னோடு தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இரண்டு ரேடியோ ஒரே வீட்டில் ஓடுகிற மாதிரி.

3

போன வருடம் ஆகஸ்டில் போடிக்குப் போனோம். மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கும்போது மலை தெரியவில்லை. மேகம் கட்டி, சாரல் காற்றோடு வந்துகொண்டிருந்தது. மேலே ஏலத் தோட்டங்களில் காய் எடுப்புத் தொடங்கியிருந்த நேரம். தம்பி ஏலக்காய் வியாபாரி. வீட்டின் பின்கட்டில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பச்சைக் காய் தனி, வெளிறியது தனி, வாய் வெடித்தது தனி. அந்த வீட்டில் எதுவும் கலந்து கிடக்காது.

சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. அதற்குப் பூப்போட்ட உறை வேறு. ஜெர்மனியிலிருந்து மதினி வருகிறார்கள் என்று செல்வி தேனிக்கு ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்தாள். நான் விடுவேனா? என் பெட்டியைத் திறந்து, என் கையால் தைத்த வெள்ளைத் துணிகளை எடுத்துப் பரப்பினேன். காகிதத்துக்காக வெட்டப்படும் மரம், குப்பை, ஜெர்மனியில் இப்போது படித்தவர்கள் வீட்டிலெல்லாம் துணிதான் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். செல்வி முகம் சுருங்கவில்லை. டிஷ்யூ பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "எப்படித் தைக்கறதுன்னு காட்டுங்க மதினி" என்று தையல் மிஷினைத் திறந்தாள்.

அவளுக்குத் தையல் புதிதில்லை. தம்பி கடைக்குச் சாம்பிள் காய் போட்டு அனுப்பும் சின்னத் துணிப்பைகளை அவள்தான் தைப்பாள். நான் ஒன்றைத் தைத்துக் காட்டுவதற்குள் அவள் மூன்று முடித்துவிட்டாள். நாலாவதை எடுத்துக்கொண்டு யோசித்தாள்.

"மதினி, எல்லாமே வெள்ளையா இருந்தா, தரை தொடச்சது எது, வாய் தொடச்சது எதுன்னு எப்படித் தெரியும்?"

அறுபது டிகிரி வெந்நீரில் மிஷின் துவைத்துவிடும், ஒரு கிருமி மிஞ்சாது என்றேன்.

"கிருமி செத்துரும் மதினி. மனசு ஒப்பணும்ல."

அதுவரை நாற்காலியில் காலை மடக்கிப் போனைத் தடவிக்கொண்டிருந்த கயல் நிமிர்ந்தாள். ஜெர்மனில் என்னிடம், இதைத்தான் நான் சின்ன வயசிலிருந்து சொல்ல நினைத்தேன், சொல்லத் தெரியவில்லை, அந்தக் கூடையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும் என்றாள். வெட்கம் என்று இத்தனை வருடமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது எச்சில் கூச்சம். ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கு நம் வீட்டு எச்சில் கணக்கு ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவள் அம்மா இல்லை, அத்தை. எங்கே போய் முட்டிக்கொள்ள?

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து நூல் நிறத்தை முடிவு செய்தார்கள். மூலையில் ஆணியில் மாட்ட ஒரு காது வைக்கவேண்டும் என்று கயல் சைகையில் காட்டினாள். செல்வி வைத்தாள். சாரலில் துணி காயாது என்பதால் காய் மூட்டைகள் அடுக்கிய அறையில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். பார்சலைப் பிரித்ததும் எழுந்தது அந்த அறையின் வாசம்தான்.

எனக்கு அப்போது வேறு சோதனை. வங்கியில் என் பழைய கணக்கை வெளிநாட்டில் இருப்பவர் கணக்காக மாற்றவேண்டும். கையெழுத்து மாறிவிட்டது என்றார்கள். போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள். மேனேஜர் லீவு என்றார்கள். நான் வரிசையில் நின்ற நாட்களில் செல்வி என் மகளை ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து அவள் மகன் சரவணன் வேலை பார்க்கும் தோட்டத்துக்கும் போனார்கள். காய் பறிக்கும் பெண்களோடு உட்கார்ந்து கயல் கட்டுச்சோறு சாப்பிட்டாளாம். வீட்டில் கீரையைக் கண்டால் ஓடுகிறவள், அங்கே கீரைக் கடைசலை வழித்துத் தின்றாளாம். செல்வி சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல, நான் வங்கி டோக்கனைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தேன்.

4

திரும்பி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகள் என் கையை விட்டுப் போயின.

காலைச் சாப்பாடு முடிந்ததும் கயல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். போனை எதிரில் நிறுத்திவிட்டு என் பழைய மிஷினில் உட்காருவாள். அந்தப் பக்கம் செல்வியும் மிஷினில். இரண்டு மிஷின் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்கும். நான் துவைத்த துணியை மடிப்பதற்கென்று அவள் அறைக்கு வெளியே நடைவழியில் போய் நிற்பேன். எங்கள் வீட்டில் துணி மடிக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. இருந்தாலும் நிற்பேன்.

"அத்தை, நூலு அந்து போச்சு. வெரசா காட்டுங்க, எனக்குப் படிக்கிற சோலி கெடக்கு."

இது என் மகள் பேசிய தமிழ். பெயர் கயல்விழி ஆகும் என்று சொன்ன அதே வாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் காரோட்டிப் போய், குளிரில் காத்திருந்து நான் வாங்கித் தர முடியாத தமிழை, செல்வி போன் வழியாக ஊட்டிவிட்டிருந்தாள். நான் கதவைத் தட்டி உள்ளே போனால் பேச்சு சட்டென்று மாறும். "அம்மா வந்தாச்சு" என்பாள் கயல், வகுப்பில் வாத்தியார் வந்ததைச் சொல்வது போல.

நானும் சும்மா இருக்கவில்லை. ஓரம் அடிக்கிற புது மிஷின் ஒன்று வாங்கினேன். வண்ணத்துப்பூச்சி அச்சடித்த உயர்ந்த பருத்தி வாங்கி, நீல நூலே போட்டு, ஒரு கட்டு தைத்து அவள் படுக்கையில் வைத்தேன். அழகாக இருக்கிறது அம்மா என்றாள். மறுநாள் பார்த்தால் அதில் ஒன்றைத் தன் கணினிக்கு உறையாகப் போட்டிருக்கிறாள். தட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஊரிலிருந்து கிளம்பும்போது அத்தை கொடுத்தனுப்பிய நைந்த சேலைத் துண்டு. மிச்சத்தை என் வீட்டுக்காரர் கார் கண்ணாடி துடைக்க எடுத்துக்கொண்டார்.

அவரிடம் புலம்பினால் எடுபடாது. தமிழ் பேசுகிறாள், தையல் கற்கிறாள், ஊரோடு ஒட்டிக்கொண்டாள், நீ ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்பார். நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. அதெல்லாம் என் வழியாக நடந்திருக்க வேண்டும். இதைப் புருஷனிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

5

இப்போது சுங்க அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே நடந்ததில் ஒன்றை முதலில் சொல்லாமல் விட்டேன்.

அந்த அதிகாரி அம்மாள் கடைசியாக ஒரு துண்டை எடுத்தார். கட்டம் போட்ட சட்டைத் துணி. சட்டைப் பையை அறுக்காமல் அப்படியே வைத்துச் சுற்றிலும் ஓரம் அடித்திருந்தது. பைக்குள் நாலைந்து ஏலக்காய். முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டு உபயோகம்தானே என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். போன வருடம் சரவணனுக்கென்று ஸ்டுட்கார்ட்டில் நானே தேடி வாங்கிக் கொண்டுபோனது.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சரவணன் என் தம்பி மகன். என் மகளுக்கு முறைப்பையன். அவன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த பையில் ஏலக்காயைப் போட்டு என் பெண்ணுக்கு அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? ஜெர்மன்காரிக்கு அது துடைக்கும் துணி. போடிக்காரிக்கு அப்படியா? ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு, கீரைக் கடைசல், ஜீப் பயணம் எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. எட்டு மாதமாகச் செல்வி தைத்துக்கொண்டிருந்தது துணி இல்லை, சம்பந்தம் என்று முடிவுகட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வெறும் பொறாமைக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை கயல் நீச்சலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் செல்விக்குப் போன் போட்டேன். காய் விலை, மழை, தம்பியின் முட்டிவலி என்று சுற்றிவிட்டுச் சட்டைக்கு வந்தேன்.

"வேலிக் கம்பியில மாட்டிக் கிழிஞ்சு போச்சு மதினி. நல்ல துணியாச்சே, தூரப் போட மனசு வரலன்னு வெட்டுனேன். ஏன், சாயம் ஏதும் போகுதா?"

"சாயம் இருக்கட்டும் செல்வி. முறைன்னு மனசுல ஏதும் வச்சிருந்தா இப்பவே சொல்லிரு. அவ படிக்கிற புள்ள."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு செல்வி மெதுவாகப் பேசினாள். சரவணன் பூப்பாறையில் ஒரு மலையாளத்துப் பெண்ணை விரும்புகிறானாம். அந்தப் பெண்ணின் அம்மா இவனைப் பெற்ற மகனைப் போல மோனே மோனே என்று கூப்பிட்டுச் சோறு போடுகிறாளாம். வாரக் கடைசியில் மலையிறங்கி வருகிறவன் இப்போது மாதம் ஒருமுறைதான் வருகிறானாம். பாண்டிக்கு இன்னும் தெரியாது.

"கயலுக்குத் தெரியும் மதினி. அவகிட்டத்தான் ரெண்டு மாசமா அழுகுறேன். 'எனக்கும்தான் உங்ககூடப் பேசத் தெரியாம இருந்துச்சு, இப்பப் பேசல? அந்தப் புள்ளையும் பேசும் அத்தை'ங்கிறா."

என் பதினேழு வயது மகள், நான் வாயைத் திறந்தால் அறைக்குள் போய்விடுகிறவள், என் தம்பி மனைவிக்குக் குடும்ப விவகாரத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சம்பந்தம் பேசுகிறாள் என்று நினைத்த இடத்தில் ஒரு அம்மா, பிள்ளையை இன்னொருத்தி சோற்றுக்குப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்திருக்கிறாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"கேட்டதுனால சொல்லிர்றேன். பள்ளிக்கூடம் முடிஞ்சதும் அவ இங்க வந்து ஒரு வருசம் எங்ககூட இருக்கணுமாம். நாந்தான் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிக்கிட்டு இருக்கேன். ஒத்தப் புள்ள. உங்க வயித்தெரிச்சல நான் கொட்டிக்க மாட்டேன் மதினி."

6

பள்ளி முடித்துக் கல்லூரிக்கு முன் ஒரு வருடம் எங்காவது போய் எதையாவது செய்துவிட்டு வருவது இங்கே சாதாரண விஷயம். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் நியூசிலாந்துக்கும் பெருவுக்கும் போயிருக்கிறார்கள். அம்மாக்கள் அழுதுகொண்டே அனுப்பியிருக்கிறோம். கயலும் அப்படி எங்கோ ஒரு தூர தேசத்துக்குப் போவாள் என்று நான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தத் தூர தேசம் போடியாக இருக்கும் என்று யார் கண்டது?

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் பிள்ளை ஊரை மறந்துவிடுவாளே என்பதுதான் இத்தனை வருடமாக என் கவலை. அதற்காகச் சாமி படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டதுகூட உண்டு. வேண்டியது கிடைத்தபோது, அந்த ஊரையே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் விட்டுவிட்டு வந்த ஊர், என்னைத் தடுத்து நிறுத்தாத ஊர், என் மகளை மட்டும் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. செல்வி மேல் இருந்த எரிச்சல் தணிந்துபோய், ஊர் மேல் வந்துவிட்டது. அந்த மலையின் மேல், ரயிலின் மேல், பின்கட்டில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்கள் மேலெல்லாம் பொறாமைப்பட்டேன். அவர்களெல்லாம் அவளைத் தினமும் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கயல் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நான் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் தையலை நிறுத்தவில்லை. ஓரத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"அத்தை சொல்லிட்டாங்களா?"

சொல்லிவிட்டாள் என்றேன்.

"கோவமா?"

"கோவம் இல்ல. பொறாமை."

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தமிழ்ப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது, செல்வியும் சொல்லித் தரவில்லை. நான் ஜெர்மனில் அதைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். அம்மா ஒருத்தி மகளிடம் இப்படிச் சொல்வாளா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். சொல்லிவிட்ட பிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதிலென்ன கஷ்டம் என்பது போலச் சொன்னாள்.

"அப்ப நீயும் வாயேம்மா."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், யாராவது ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவேன் என்று. தமிழ்ப் பள்ளி வாசலில் சொல்லியிருக்கிறேன், போனில் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், முன்பு இதே மாதிரிக் குறிப்புகளில் உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒருத்தி கூப்பிட்டாள். என் மகளே கூப்பிட்டாள். வீட்டுக்கடன், அவருடைய வேலை, என்னுடைய வேலை என்று சொல்ல நிறையக் காரணங்கள் இருந்தன. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவற்றைத் தேடியபோதுதான் தெரிந்தது, எனக்குப் போக விருப்பமில்லை. போடியில் ஒரு வருடம் இருக்க என் மகளால் முடியும், என்னால் முடியாது.

"எனக்கு இங்க சோலி கெடக்குடி. நீ போயிட்டு வா" என்றேன்.

நான் சொன்னதை அவள் ஒருமுறை மனதுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குதித்து எழுந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ப் படுக்கையில் கிடந்த போனை எடுத்துப் போடிக்குப் போட்டாள்.

"அத்தை, அம்மா சரின்னுட்டாக" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் செல்வி ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.